அந்த ரெஜிஸ்டரை எடைக்குப் போடாதீர்கள், மதர்

கத்தோலிக்க மருத்துவமனைகளையும் நர்சிங் பள்ளிகளையும் நடத்தும் சபைத் தலைவியருக்கு,

தோத்திரம் மதர்.

இப்போது யாரும் இப்படி வணக்கம் சொல்வதில்லை என்று தெரியும். நாங்கள் படித்த காலத்தில், வராந்தாவில் மதர் வருவது அங்கியின் சரசரப்பிலேயே தெரிந்துவிடும். கையில் பெட்பேன் இருந்தாலும் சரி, ஓரமாக ஒதுங்கி நின்று 'தோத்திரம் மதர்' சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வருஷம் வார்டிலும் வகுப்பறையிலும் நின்று ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என் வாயை விட்டுப் போகவில்லை.

சென்ற மாதம் வாட்ஸப்பில் ஒரு கடிதம் வந்தது. நான் படித்த நர்சிங் பள்ளி விழா மலர் போடுகிறது. பழைய மாணவியர் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும், 'மலரும் நினைவுகள்' நான்கு வரியும், முடிந்த நன்கொடையும் அனுப்ப வேண்டுமாம். கூடவே, மலரில் வரப்போகும் 'பள்ளி வரலாறு' இரண்டு பக்கத்தையும் பிழை பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பார்த்தேன். எழுத்துப் பிழை ஆறு இருந்தது, திருத்திவிட்டேன். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் ஆயர்கள், அதாவது பிஷப்மார், ஐந்து பேர் வருகிறார்கள். அடிக்கல் மூன்று முறை நாட்டப்படுகிறது, கட்டடம் நான்கு முறை மந்திரிக்கப்படுகிறது, ஒரு லிஃப்ட்கூட வருகிறது. படித்தவர்கள் வருவது ஒரே வரியில்: 'இதுவரை எண்ணற்ற செவிலியரை உருவாக்கியுள்ளது.'

எண்ணற்ற! ஏன், எண்ண முடியாதா? அட்மிஷன் ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் எண் தெரிந்துவிடுமே.

இதை என் பள்ளிக்கு மட்டும் எழுதினால் வீட்டுச் சண்டை மாதிரி ஆகிவிடும். வெளித் தேர்வாளராகப் பல ஊர்ப் பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன். போகும் இடமெல்லாம் சால்வை, சந்தனமாலை, ஒரு விழா மலர் என்று கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் பதினான்கு மலர் சேர்ந்திருக்கிறது. அட்டைப் படத்தை மாற்றிவிட்டால் எது எந்தப் பள்ளியினுடையது என்று எனக்கே சொல்லத் தெரியாது. அதனால்தான் எல்லோருக்குமாக இந்த மடல்.

ஒரு ஊரில் நான் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், எந்தச் சபை என்பது வேண்டாம். பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. செய்முறைத் தேர்வு முடிந்து பின்வாசல் வழியாக வந்தேன். ஒரு டெம்போ நின்றது. பழைய பேப்பர்காரர் தராசைத் தொங்கவிட்டு எடை போட்டுக்கொண்டிருந்தார். தட்டில் இருந்தது பேப்பர் அல்ல. சிவப்புத் துணி முதுகு வைத்துத் தைத்த பெரிய பெரிய ரெஜிஸ்டர்கள். அட்மிஷன் ரெஜிஸ்டர், லீவு ரெஜிஸ்டர், வார்டு ரிப்போர்ட் புத்தகங்கள். தூறல் வேறு. ஆபீஸ் பையனைக் கேட்டேன். "பத்து வருஷத்துக்கு மேல வைக்க வேண்டியதில்ல மேடம், இடம் இல்ல" என்றான். அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவனிடம் யாரும் வேறு மாதிரி சொல்லியிருக்கவில்லை.

பேப்பர்காரரிடம் முப்பது ரூபாய் கொடுத்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டேன். 1967ஆம் வருஷத்து நைட் ரிப்போர்ட் புத்தகம், பெண்கள் மெடிக்கல் வார்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மதர், உங்கள் பள்ளிகளின் வரலாறு அடிக்கல்லிலிருந்து தொடங்கவில்லை. ஒரு தடையிலிருந்து தொடங்குகிறது. இதை நான் மாணவியாக இருந்தபோது எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. நர்சிங் வரலாறு என்றால் நைட்டிங்கேல் அம்மையார் ஒரு வாரம், மற்றதெல்லாம் ஒரு நாள். அந்த ஒரு வாரத்திலும், 1854இல் அவர் கிரிமியப் போருக்கு அழைத்துப்போன 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்று யாரும் சொல்லவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியிலேயே சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

தடை இதுதான். நோயாளியைத் துடைக்கலாம், ஊட்டலாம், இரவெல்லாம் கண்விழிக்கலாம். ஆனால் பிரசவம் பார்ப்பதும் அறுவை மருத்துவம் செய்வதும் துறவற வார்த்தைப்பாடு, அதாவது துறவு வாக்குறுதி, கொடுத்தவர்களுக்கு ஆகாது என்பது அன்றைய திருச்சபைச் சட்டம். கற்பு வார்த்தைப்பாட்டுக்கு அது பொருந்தாது என்ற எண்ணம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இலேயே நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கியாகிவிட்டது. வேலூரில் சீர்திருத்தச் சபையார் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கினார்கள். அங்கெல்லாம் பெண்கள் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், நம் கன்னியர் பிரசவ அறை வாசலுக்கு வெளியே நின்றார்கள். ஆண் டாக்டர் முன்னால் வரவே மாட்டேன் என்ற பெண்கள் உள்ளே செத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சட்டத்தோடு மல்லுக்கு நின்றவர் எடின்பரோவில் 1837இல் பிறந்த ஆக்னஸ் மக்லாரன். பெண்ணுக்கு மருத்துவப் படிப்பா என்று பிரிட்டனில் இழுத்தடித்த காலம். பிரான்சுக்குப் போய் மோன்பெலியேயில் படித்து 1878இல் டாக்டர் ஆனார். கத்தோலிக்கராக மாறியது 61ஆம் வயதில். மற்றவர்கள் ஜெபமாலையோடு உட்காரும் வயதில் இந்த அம்மாள் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ராவல்பிண்டிப் பெண்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். பர்தாவுக்குள் இருந்த அந்தப் பெண்களுக்காக 1909இல் புனித கத்தரீன் பெயரில் அங்கே ஒரு மருத்துவமனை எழுந்தது. ஆனால் வைத்தியம் பார்க்க நிரந்தரமாகத் தங்கும் பெண் டாக்டர் வேண்டுமே. கன்னியர்தான் தங்குவார்கள், அவர்களுக்கோ சட்டம் இடம் தராது. ஐந்து முறை ரோமுக்குப் போய்ச் சட்டத்தை மாற்றச் சொல்லி மன்றாடினார். மாறவில்லை. 1913இல் இறந்துபோனார்.

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். ஆஸ்திரியாவின் தைரோல் மலைப்பகுதியிலிருந்து அன்னா டெங்கல் என்ற இளம்பெண் கடிதம் எழுத, அவருக்கு வழி சொல்லிப் பதில் போட்டார். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. டெங்கல் அயர்லாந்தில் கார்க் நகரில் மருத்துவம் படித்தார், 1920இல் ராவல்பிண்டிக்கு வந்தார். 1925இல் வாஷிங்டனில் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்தவர்கள் மூன்றே பேர்: ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். அப்போதும் சட்டம் அப்படியே இருந்ததால் மற்றச் சபையார் போல வெளிப்படையான வார்த்தைப்பாடு கொடுக்க அவர்களுக்கு வழியில்லை. பதினோரு வருஷம் அப்படியே காத்திருந்தார்கள்.

இங்கே நம் பக்கத்திலேயே இன்னொருவர். மேரி குளோரி, ஆஸ்திரேலியாக்காரர். மெல்பர்னில் காலின்ஸ் தெருவில் கிளினிக் வைத்துப் பெயரும் வருமானமுமாக இருந்த டாக்டர். 1915இல் ஒரு நாள் மக்லாரனைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. இந்தியாவில் பிரசவத்திலும் பிள்ளைப்பருவத்திலும் சாகிறவர்களைப் பற்றி அதில் படித்தார். அதற்கப்புறம் அவருக்கு மெல்பர்ன் ஒட்டவில்லை. மேல்படிப்பை முடித்துக்கொண்டு 1920 பிப்ரவரியில் ஆந்திரத்துக் குண்டூர் வந்து இறங்கினார். சேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். டாக்டராகவும் கன்னியராகவும் இருக்கத் திருத்தந்தை 15ஆம் ஆசீர்வாதப்பர் தனி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? உள்ளூர்ப் பெண்களை உட்காரவைத்து மருந்து கலக்கவும், பிரசவம் பார்க்கவும், நர்ஸ் வேலைக்கும் பழக்கினார். பின்னாளில் வந்த நம் பள்ளிகளுக்கெல்லாம் விதை அந்த மாதிரித் திண்ணைகளில்தான் விழுந்தது.

1943இல் அதே குண்டூரில் 16 சகோதரிகளைக் கூட்டி அவர் தொடங்கிய சங்கம்தான் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் உறுப்பினராக உள்ள இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம். 1957இல் பெங்களூரில் புற்றுநோயால் இறந்தார்.

சட்டம் மாறியது 1936 பிப்ரவரி 11இல். லூர்து மாதா திருநாள் அன்று ரோமிலிருந்து ஆணை வந்தது. பிரசவம் பார்க்கலாம், படித்துப் பட்டயம் வாங்கலாம், டாக்டராகலாம். அதே பிப்ரவரி 11ஐத்தான் வருஷாவருஷம் உலக நோயாளர் தினம் என்று கொண்டாடுகிறீர்கள். நோயாளிகளுக்குப் பழமும் ரொட்டியும் கொடுத்து, பிள்ளைகளை ஆடவைத்து, கேக்கும் வெட்டுகிறீர்கள். எல்லாம் சரி. அந்த நாளில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு மாணவிக்காவது சொல்லியிருக்கிறீர்களா, மதர்? அதற்கு 23 வருஷம் முன்னால் கண்மூடிய மக்லாரன் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது அது.

இவ்வளவும் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், யாரோ கடிதங்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்ததுதான்.

இன்னொரு கதை சொல்கிறேன். வயிற்றுப் பரிசோதனை பாடம் எடுக்கும்போது தொப்புளில் வரும் ஒரு கெட்டியான முடிச்சைப் பற்றிச் சொல்வோம். உள்ளே புற்றுநோய் முற்றிப் பரவிவிட்டது என்பதற்கு அடையாளம். பெயர், சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு. நான் படித்தபோது 'சிஸ்டர்' என்றால் நர்ஸ்தானே என்று விட்டுவிட்டேன். நம் ஊரில் எல்லா நர்சும் சிஸ்டர்தான். கோயிலுக்கே போகாதவரும் ஆஸ்பத்திரியில் 'சிஸ்டர், கொஞ்சம் வாங்க' என்றுதான் கூப்பிடுகிறார். அந்தக் கூப்பிடுதல் மடத்திலிருந்து வார்டுக்கு வந்த சொல் என்பதே மறந்துபோய்விட்டது.

இந்த சிஸ்டர் இரண்டுமாக இருந்தவர். இயற்பெயர் ஜூலியா டெம்சி. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் ஊரை 1883 ஆகஸ்டில் சுழற்காற்று சின்னாபின்னமாக்கியது. ஆஸ்பத்திரி கிடையாது. அங்கிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவி மதர் ஆல்பிரட், ஊர் டாக்டர் மேயோவிடம் போய், நாங்கள் கட்டுகிறோம், நீங்கள் பாருங்கள் என்றார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து 1889இல் 27 படுக்கையோடு செயின்ட் மேரிஸ் மருத்துவமனையைத் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கன்னியரெல்லாம் பள்ளிக்கூட டீச்சர்கள். கரும்பலகையை விட்டுவிட்டு வார்டுக்கு வந்தவர்கள். எடித் கிரகாம் என்ற பயிற்சி பெற்ற ஒரே நர்ஸ் அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார். அவர் கன்னியர் அல்ல, சாதாரணக் குடும்பப் பெண். கன்னியருக்குக் குரு ஒரு பொதுநிலைப் பெண்! இதை நம் வார்டுகளில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அந்த எடித்திடம் கற்றவர்களில் ஒருவர்தான் சிஸ்டர் மேரி ஜோசப். 1892இலிருந்து சாகும்வரை, அதாவது 1939வரை, மருத்துவமனைப் பொறுப்பாளர். 1906இல் அங்கே நர்சிங் பள்ளியும் வந்தது. இத்தனைக்கும் நடுவே பல வருஷம் அந்த ஊர் டாக்டரின் மகன் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷனில் முதல் உதவியாளர் அவர்தான். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் வயிற்றைத் துடைத்துத் தயார்செய்யும்போது, தொப்புளில் முடிச்சு இருப்பவர்களைத் திறந்து பார்த்தால் உள்ளே புற்றுநோய் பரவியிருப்பதை அவர் கவனித்தார். சுத்தம் செய்கிற கை கண்டுபிடித்தது அது. டாக்டரிடம் சொன்னார். மேயோ 1928இல் அதை எழுதினார், 'பேண்ட் பட்டன்' போன்ற தொப்புள் என்று. அந்தச் சிஸ்டரின் பெயரை அதற்கு வைத்தவர் ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1949இல். அதற்குள் சிஸ்டர் இறந்து பத்து வருஷம்.

ராச்செஸ்டர் பள்ளி 1970இல் மூடிவிட்டது. முடிச்சு இன்னும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எழுதிவைக்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். நம் வார்டுகளில் எத்தனை பேர் எத்தனையைக் கவனித்துச் சொல்லியிருப்பார்கள்? அதெல்லாம் ரிப்போர்ட் புத்தகத்தில் இருந்தது, மதர். தராசுத் தட்டில் இருந்தது.

பள்ளி மூடுவது ராச்செஸ்டரில் மட்டும் நடந்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் புனித வின்சென்ட் மருத்துவமனையை 1849இல் பிறரன்புச் சகோதரிகள் தொடங்கினார்கள். டைட்டானிக் கப்பலிலிருந்து தப்பியவர்களுக்கு அங்கே சிகிச்சை நடந்தது. எய்ட்ஸ் என்றால் கிட்டவே போகமாட்டேன் என்று மற்றவர்கள் ஒதுங்கிய நாளில் அதற்கென்று வார்டு திறந்தார்கள். 1892இல் தொடங்கிய அவர்கள் நர்சிங் பள்ளி 1999இல் மூடியது, மருத்துவமனை 2010இல். அந்த இடத்தில் இப்போது பணக்காரர்கள் வாங்கும் அடுக்குமாடி வீடுகள். சபையே 2023இல் கூடி, இனிப் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. நம் நவகன்னியர் (கன்னியராகப் பயிற்சி பெறுபவர்) இல்லங்களில் எத்தனை கட்டில் காலியாக இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஜிஎன்எம் என்ற நர்சிங் பட்டயம் தரும் பள்ளிகளெல்லாம் கல்லூரி ஆகிக்கொண்டிருக்கின்றன. பெயர்ப்பலகை மாறும்போது பழைய பலகையோடு பழைய பீரோவும் போய்விடுகிறது.

சரி, அந்தப் பீரோவில் அப்படி என்னதான் இருக்கிறது?

என் கேஸ் புக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. பிரசவ வார்டு போஸ்டிங்கில் 20 பிரசவம் நாங்களே பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: தாயின் வயது, எத்தனையாவது பிரசவம், வலி கண்ட நேரம், பனிக்குடம் உடைந்த நேரம், குழந்தை பிறந்த நேரம், எடை, நஞ்சு (நஞ்சுக்கொடி) முழுசாக வந்ததா. கீழே லேபர் ரூம் சிஸ்டரின் பச்சை மைக் கையெழுத்து. என் ஏழாவது கேஸில் கையெழுத்து இல்லை. நஞ்சு முழுசாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமலே 'முழுமை' என்று எழுதிவிட்டேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்துப்போய், வாளியிலிருந்து எடுத்து, டார்ச் அடித்துப் பார்க்கவைத்தார். முழுசாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. "பார்க்காம எழுதினதுக்கு நான் சாட்சி நிக்க மாட்டேன்" என்றார். அந்தக் கேஸுக்குப் பதிலாக இருபத்தோராவது கேஸ் பார்த்தேன். அப்புறம் என் முப்பத்தைந்து வருஷ வேலையில் விரித்துப் பார்க்காமல் ஒரு நஞ்சைக்கூட விட்டதில்லை. அந்தக் கையெழுத்தில்லாத பக்கம் உங்கள் மலரில் வருகிற மூன்று அடிக்கல்லுக்குச் சமம் என்று நான் சொல்வேன்.

அட்மிஷன் ரெஜிஸ்டர் இன்னும் பெரிய புதையல். பெயர், ஊர், பங்கு (எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்), தகப்பனார் தொழில் என்று வரிசையாகக் கட்டங்கள். பனையேற்றம், உப்பளம், பீடி, வலை, கொத்தனார், வாத்தியார். எந்த வருஷம் முதல்முதலாக ஒரு உப்பளத் தொழிலாளியின் மகள் வெள்ளைச் சீருடை போட்டாள் என்பது அதில் இருக்கிறது. எந்த வருஷம் முதல் இந்துப் பெண், முதல் முஸ்லிம் பெண் சேர்ந்தார் என்பதும். மற்றவர்கள் வீட்டில் 'கண்டவன் மலமூத்திரம் அள்ளுற வேலை' என்று பெண்ணை அனுப்பாத காலத்தில் யார் அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்பதற்கெல்லாம் வேறு சாட்சி கிடையாது. ஒரே பங்கில் ஒரு தெருவிலிருந்து வருஷா வருஷம் பெண்கள் வந்திருக்க, பக்கத்துத் தெருவிலிருந்து எந்த ஆண்டுவரை ஒருத்திகூட வரவில்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை, மதர். நாம் எல்லோரும் அதே கோயிலில்தானே பூசை கண்டோம்.

ஒருவேளை அதனால்தான் பழைய புத்தகங்கள் சங்கடமோ என்றும் தோன்றியதுண்டு. சங்கடம் உண்டுதான். நானே சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் பாண்டு, அங்கேயே வேலை செய்தாக வேண்டும். என் சர்ட்டிபிகேட் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. வளைகுடாவுக்கு ஆள் எடுக்க வந்தார்கள். ஒரிஜினல் காட்டினால்தான் இண்டர்வியூ. மூன்று முறை போய்க் கேட்டேன். 'சேவை மனப்பான்மை இல்லையா?' என்ற கேள்விதான் பதிலாக வந்தது. எனக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள் என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. வார்டு இன்சார்ஜ் என்றால் கன்னியர்தான். இருபது வருஷ அனுபவம் உள்ள பொதுநிலை நர்ஸ் நேற்று வந்த சிஸ்டருக்குக் கீழே. இதெல்லாம் ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை. 2011, 2012இல் கேரளத்துத் தனியார் மருத்துவமனை நர்சுகள் தெருவுக்கு வந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான சின்ன மருத்துவமனையானாலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. நம் வீட்டுச் சம்பள ரெஜிஸ்டரைத் திறந்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்குத் தைரியம் இருக்கிறது?

ஆனாலும் சங்கடமானதை எடுத்துவிட்டால் நல்லதும் நம்பும்படி இருக்காது. உங்களுக்குச் சட்டம் மறுத்ததைச் சொல்லுங்கள். எங்களுக்கு நீங்கள் மறுத்ததையும் சொல்லுங்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கட்டும்.

அந்த 1967 நைட் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த ஏதோ ஒரு கிராமத்துப் பெண், முதல் வருஷமாக இருக்க வேண்டும், எழுத்து அவ்வளவு உருண்டையாக இருக்கிறது. ஜூன் மாதத்து ஒரு ராத்திரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: '11ஆம் படுக்கை. நோயாளி தூங்கவில்லை. மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 3.15க்கு நாடி குறைந்தது. சிஸ்டரை எழுப்பினேன். சாமியார் வந்தார். 4.40.' அவ்வளவுதான். 4.40க்குப் பிறகு வினைச்சொல் இல்லை. என்ன எழுதுவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு சின்ன மைப்புள்ளி, பேனாவை ஊன்றி நின்றிருக்கிறாள். அடுத்த வரி: '5.00. மற்ற நோயாளிகளுக்கு வாய் கழுவத் தண்ணீர் கொடுத்தேன்.'

எனக்கும் அப்படி ஒரு ராத்திரி உண்டு. முதல் சாவு. நடுங்கிக்கொண்டு நின்றேன். நைட் சிஸ்டர் திட்டவில்லை. ஸ்கிரீனை இழுத்து மறைத்துவிட்டு, வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். செத்தவருக்கு எதற்கு வெந்நீர் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. உடம்பைத் துடைக்கும்போது சிஸ்டர் பேசிக்கொண்டே துடைத்தார்: "கையத் தூக்கறேன் பாட்டி... இந்தப் பக்கம் திருப்பறேன்மா, பயப்படாதீங்க." உயிரோடு இருப்பவரிடம் பேசுகிற அதே குரல். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. நான் என் மாணவியருக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவர்களில் சிலர் தங்கள் மாணவியருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தச் சிஸ்டருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டுவைக்கத் தவறிவிட்டேன். கேட்க நினைத்தபோது கல்லறைத் தோட்டத்தில் பெயரும் வருஷமும்தான் இருந்தது.

இன்னும் கேட்கக்கூடியவர்கள் உங்கள் ஓய்வு இல்லங்களில் இருக்கிறார்கள். தொண்ணூறை நெருங்கியவர்கள். சாயங்காலம் ஜெபமாலை முடிந்து டிவி போடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மாணவியை ஒரு செல்போனோடு அனுப்புங்கள். ஆயர் வந்த கதையைக் கேட்க வேண்டாம். ஊசியை எதில் போட்டு வேகவைத்தீர்கள், கையுறை கிழிந்தால் எப்படி ஒட்டினீர்கள், காலரா வந்தபோது எங்கே படுக்கவைத்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். விடிய விடியச் சொல்வார்கள். நாற்பது வருஷம் கஞ்சி வைத்த சமையல் அக்காவையும், லேபர் ரூம் ஆயாவையும் விட்டுவிடக் கூடாது. எங்களில் பாதிப் பேருக்கு உண்மையில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஆயாதான். கையெழுத்துப் போட்டது மட்டும்தான் சிஸ்டர்.

ரெஜிஸ்டருக்கு ஒன்றும் பெரிய செலவில்லை. ஈரம் படாத அறை, ஒரு இரும்பு பீரோ, அந்துருண்டை, வருஷத்துக்கு இரண்டு முறை தூசி தட்ட ஒரு ஆள். சேசு சபைச் சாமியார்கள் மதுரை மிஷன் கடிதங்களை கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில் அப்படித்தான் கட்டிக் காத்தார்கள். சாமியார்களின் கடிதத்துக்குக் காப்பகம் இருந்தது, சிஸ்டர்மாரின் வார்டு புத்தகத்துக்குப் பழைய பேப்பர் கடை. ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், யோசனை கேட்கலாம். நோயாளிகளின் பெயர் வெளியே போகக் கூடாது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்; அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். மலரில் போட, வருஷவாரியாகப் படித்தவர்களின் பெயர்ப் பட்டியல் போதும். அடிக்கல் படத்தை எடுத்துவிட்டாலே இடம் கிடைக்கும். நடுவில் நின்றுபோனவர்களின் பெயரும் வரட்டும். கல்யாணமாகிப் போனவர், காசநோய் தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், மடத்தில் சேர்ந்து திரும்பி வந்தவர் என்று எங்கள் பேட்சிலேயே மூன்று பேர்.

போட்டோ கேட்டிருந்தீர்கள், அனுப்பவில்லை. பதிலுக்கு என் கேஸ் புக்கின் ஏழாவது பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தாயின் பெயரை மறைத்து, இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரிஜினலும் அந்த 1967 ரிப்போர்ட் புத்தகமும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. பீரோ வாங்கியதும் சொல்லுங்கள், நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து தருகிறேன். டிரைவரை அனுப்ப வேண்டாம். சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி ஒன்றின் பழைய மாணவி,
ஓய்வு பெற்ற நர்சிங் டியூட்டர்